கையை விடுங்க மதினி

என் வீட்டுக்காரர் செத்த அன்று என் உடம்பு நன்றாகவே இருந்தது. இதைச் சொன்னால் கேட்பவர்கள் காறித் துப்புவார்கள். துப்பட்டும், உண்மை அதுதான். கீழ் கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட்களிலிருந்து அன்றைக்குப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். வந்தவள் ஒவ்வொருத்தியும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். நானும் அவளோடு சேர்ந்து ஆடிக் குலுங்கி, மாரடித்து அழுதேன். விடிந்ததில் தொடங்கி பிணம் எடுக்கும்வரை என் கை ஓயவில்லை. கை ஓயாதவரை எனக்கு ஒரு குறையும் வராது. என் நெஞ்சுக்குள் இருக்கும் பெட்டி அப்படிப்பட்டது.

பெட்டி என்பது நானும் அவரும் வைத்துக்கொண்ட பெயர். பேஸ்மேக்கர்தான், ஆனால் புது தினுசு. தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது இரண்டு முறை செடிக்குள் மயங்கி விழுந்தேன் என்று அவர் என்னைக் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனார். பெரிய ஆஸ்பத்திரி. இதயம் மெதுவாகத் துடிக்கிறது, சில நேரம் துடிக்கவே மறந்துவிடுகிறது என்றார் டாக்டர். சாதாரண பேஸ்மேக்கரில் பேட்டரி இருக்கும். அது தீர்ந்தால் மறுபடியும் நெஞ்சைக் கீறி மாற்ற வேண்டும். இந்தப் புதியது உடம்பு அசைகிற அசைவிலிருந்தே தனக்கு வேண்டிய கரண்டை எடுத்துக்கொள்ளும், இப்போதுதான் ஆட்களுக்கு வைத்துச் சோதித்துப் பார்க்கிறோம், சம்மதமா என்று கேட்டார்.

"என்னம்மா வேலை பாக்கறீங்க?"

"கொழுந்து எடுக்கறேங்க."

"நாள் பூரா கை ஓயாதில்ல? அப்ப உங்களுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் வீட்டுக்காரர் சுரேந்திரனுக்கு உடனே புரிந்துவிட்டது. "எங்கப்பா சிலோன்லருந்து கட்டிட்டு வந்த வாட்சு இப்படித்தானுங்க சார். சாவியே குடுக்க வேண்டாம். கையில கெடந்தா ஓடும். கழட்டி வெச்சா மறுநாளே நின்னுரும்" என்றார்.

டாக்டர் சிரித்தார். "அதேதான். ஆனா இவங்களைக் கழட்டி வெச்சுராதீங்க."

உடம்பு போதிய அளவு அசையாவிட்டால் பெட்டியில் சேமிப்பு குறையும். குறைந்தால் தினமும் காலையில் நெஞ்சுக்குள் விர்ரென்று ஒரு அதிர்வு வரும், இன்னும் குறைந்தால் இரண்டு வரும். வந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும், மேலே ஒரு கருவியை வைத்து நிரப்பித் தருவோம் என்றார்கள். வராமல் விட்டால் பெட்டி இருப்பதை மிச்சம் பிடிக்கத் துடிப்பைக் குறைக்கும், பழையபடி தலை சுற்றும். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று நான் கேட்டேன். டாக்டர் என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் தலையை ஆட்டினார். ஆம்பிளைகள் இரண்டு பேரும் என் சாவைப் பற்றி அப்படிப் பேசி முடித்துக்கொண்டார்கள்.

அந்த அதிர்வுக்கு அவர்தான் கொசு என்று பெயர் வைத்தார். தினமும் எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் கேட்பார்: "கொசு கத்துச்சா?" ஒரு நாள் பக்கத்து வீட்டுக் காத்தாயி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "இந்தக் குளிர்ல உங்க ஊட்ல மட்டும் எப்பிடிங்க கொசு?" என்றாள். லயத்து வீடுகள் ஒரே வரிசையாகக் கட்டியவை, இரண்டு வீட்டுக்கு நடுவே சுவர் ஒன்றுதான். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் நூறு சொல்வார்கள்.

அதனால்தான் விஷயத்தை மூடி வைக்க அத்தனை பாடுபட்டோம். பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்து எஸ்டேட் படுத்துக்கிடந்த காலம் அது. ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். அங்கே இலை உலர்த்தும் ட்ரையரில் நின்றுகொண்டிருந்த என் வீட்டுக்காரரைத் தேயிலைக் காட்டு வேலைக்கு அனுப்பினார்கள். வேலை நாட்களைப் பாதியாக வெட்டினார்கள். பிறகு ஆட்களை வெட்டத் தொடங்கினார்கள். அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி, உடம்பு சரியில்லாதவர்களை 'மெடிக்கல் அன்ஃபிட்' என்று எழுதி வீட்டுக்கு அனுப்புவது. வீட்டுக்கு என்று வாய் கூசாமல் சொன்னார்கள். எஸ்டேட்டில் வேலை போனால் வீடும் போய்விடும், பிறகு எந்த வீட்டுக்கு? சர்க்கரைப் புண் என்று பாலாமணியை அப்படித்தான் அனுப்பினார்கள். அவள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு நொண்டி நொண்டி பஸ் ஏறித் திருப்பூருக்குப் போனதை நாங்கள் எல்லோரும் வரிசையாக நின்று பார்த்தோம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. சமவெளியில் ஒரு சாண் நிலம் இல்லை. அவருடைய அப்பா சிலோனிலிருந்து கப்பலில் வந்து இறங்கி நேராக இந்த மலைச்சரிவில் வந்து விழுந்தவர். லயத்தில் இருக்கும் இந்த ஒற்றை அறைக் காம்பராவை விட்டால் எங்களுக்குப் போக்கிடம் கிடையாது.

ஆகவே எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொன்னோம். அதை எல்லோரும் நம்பினார்கள். இந்த லயத்தில் பாதிப் பேருக்கு அது எடுத்தாயிற்று.

யாருக்குத் தெரிந்தாலும் மருதாம்பாள் மதினிக்கு மட்டும் தெரியக் கூடாது என்றிருந்தோம். அவருடைய கூடப் பிறந்த அக்காதான், பாசக்காரிதான். ஆனால் அவள் வீட்டுக்காரர் லிங்கசாமி எங்கள் சூப்பர்வைசர். யார் வேலைக்கு லாயக்கு, யார் லாயக்கில்லை என்று ஆபீஸில் பெயர் சொல்கிறவர் அவர்தான். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவர் பெயர் சொல்லாவிட்டால் அவர் பெயரை வேறொருவன் சொல்லுவான், அவ்வளவுதான்.

வேலை நாள் குறைந்ததும் எனக்குக் கொசு கத்தத் தொடங்கியது. கொழுந்து எடுக்காத நாளில் என் கை என்னத்தை அசையும்? அவர் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் வீட்டிலிருந்த மிக்சியைத் தூக்கிக்கொண்டு போய் அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தார். "இனி அம்மிதான். ஆட்டுக்கல்லுதான்" என்றார். எங்கள் இரண்டு பேருக்கு எவ்வளவு மாவு வேண்டியிருக்கிறது? அக்கம்பக்கத்து வீடுகளில் போய், "அரிசிய ஊறப்போட்டுக் குடுங்க, எம்பொண்டாட்டி ஆட்டித் தருவா" என்று கேட்டு வாங்கி வந்தார். நான் வாசலில் உட்கார்ந்து ஊருக்கே ஆட்டினேன். அவர் படியில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டு, "நல்லா ஆட்டு. இன்னொரு சுத்து" என்று சொல்லிக்கொண்டிருப்பார். உதவிக்குக் கை கொடுக்க முடியாது. அவர் ஆட்டினால் என் பெட்டிக்கு என்ன பிரயோஜனம்?

லயத்துப் பெண்கள் இதைப் பார்த்துவிட்டு என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. கர்ப்பப்பை எடுத்த பொம்பிளையைப் போட்டு மாடு மாதிரி வேலை வாங்குகிறான், மிக்சியைக்கூடப் பிடுங்கி அக்காவுக்குக் கொடுத்துவிட்டான், மனுஷனா அவன்? குழாயடியில் இதே பேச்சு. நான் வந்தால் நிறுத்திவிட்டு எனக்கு முதலில் தண்ணீர் பிடிக்க வழி விடுவார்கள். எனக்கு எரிச்சலாக வரும். அவரிடம் சொன்னால் சிரிப்பார்.

"கெட்ட பேருக்கு வாடகை கெடையாது புள்ள. இருந்துட்டுப் போகட்டும்."

அப்படிச் சொன்னவர்தான் ஒரு சாயங்காலம் வீடு வந்து சேரவில்லை. வேலையில்லாத நாட்களில் கேத்திக்குக் கேரட் கழுவப் போவார். திரும்பி வரும்போது குறுக்குப் பாதையில் இறங்கியிருக்கிறார். ஆள் போதாமல் எடுக்காமல் விட்ட காட்டில் தேயிலை ஆள் உயரத்துக்கு மண்டிக்கிடந்தது. அதற்குள் காட்டுமாடு படுத்திருந்தது வெளியே தெரியவில்லை, முட்டிச் சாய்த்துவிட்டது. ஃபாரஸ்ட் ஆட்கள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். கொழுந்தன் ஜீவா கொள்ளி வைத்தான். சாவுச் சேதி சொல்லவென்று அவருடைய போனையும் அவனே எடுத்துக்கொண்டான். எங்கள் வீட்டில் இருந்த ஒரே போன் அதுதான். டாக்டருடைய நம்பரும் அதில்தான் இருந்தது.

பிணம் போன கையோடு என்னை மூலையில் உட்கார வைத்தார்கள்.

எங்கள் ஆட்களில் புருஷனைப் பறிகொடுத்தவள் கருமாதி முடிகிறவரை மூலையில்தான் இருக்க வேண்டும். பாய் போட்டு, முக்காடு போட்டு, சுவரோரம் உட்கார வேண்டும். வாசல்படி தாண்டக் கூடாது. எந்த வேலையும் தொடக் கூடாது. குடிக்கிற தண்ணீரைக்கூட இன்னொருத்தி ஊற்றித் தருவாள். சாவு வீட்டில் அடுப்பு எரியாது, அம்மிச் சத்தம் கேட்கக் கூடாது. உலகத்தில் வேறு எங்காவது ஒரு பெண்ணை இவ்வளவு ஓய்வாக வைத்திருப்பார்களா என்று தெரியவில்லை. எனக்கு வந்த ஓய்வு அந்த நேரம் பார்த்து வந்தது. எதிரே அவர் தலைமாட்டில் வைத்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது அணையாமல் எண்ணெய் ஊற்ற ஆள் மாற்றி ஆள் உட்கார்ந்திருந்தார்கள்.

துக்கம் கேட்க ஆள் வந்துகொண்டே இருப்பார்கள், ஒப்பாரி வைத்தே ஓட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அந்தக் காலமாக இருந்தால் வந்திருப்பார்கள். இப்போது சொந்தக்காரர்கள் பாதிப் பேர் திருப்பூரில் பனியன் தைக்கிறார்கள். முதல் நாள் வந்த கூட்டம் முதல் நாளோடு சரி. அதற்குப் பிறகு ஒன்றிரண்டு கிழவிகள் வந்தார்கள், மூக்கைச் சிந்தினார்கள், பக்கத்து வீட்டு டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, விடிகிற நேரத்தில் கொசு கத்தியது. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். "கொசு கத்துச்சா?" என்று கேட்க ஆள் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பயமா துக்கமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

எழுந்து விளக்குமாற்றை எடுத்தேன். காத்தாயி ஓடி வந்து பிடுங்கினாள். "ஐயோ சாமி, என்ன பண்ற நீயி? வையி." குடத்தைத் தொட்டேன், அதையும் வாங்கிக்கொண்டாள். "இத்தன வருசம் அந்தாளு உன்னைப் போட்டு வாட்டுனது பத்தாதா? இப்பவாச்சும் சும்மா உக்காரு ஆத்தா." சரி, உட்கார்ந்தபடியே கையை முன்னும் பின்னும் வீசிப் பார்த்தேன். அவள் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் வேப்பிலை ஒடித்து வந்து என் தலைமாட்டில் செருகி, நெற்றி நிறையத் திருநீறு பூசினாள். காட்டில் அகாலமாகச் செத்தவர், பொண்டாட்டி மேல் இறங்கிவிட்டார் என்று மத்தியானத்துக்குள் லயம் முழுக்கப் பேச்சு. கையை வீசினால் இனி பூசாரியைக் கூட்டி வருவார்கள். அதோடு அதை விட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலம் மருதாம்பாள் மதினி வந்தபோது கேட்டேன்.

"மதினி, தல சுத்துது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஒருவாட்டி போய்ட்டு வந்துரட்டுங்களா?"

"மூலையில இருக்கறவ வாசப்படி தாண்டலாமா புள்ள? அவன் கட்ட வேகுமா?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு மனசு இளகினாள். "ரொம்ப முடியலையா? உங்கண்ணங்கிட்டச் சொல்லித் தோட்டத்து ஆஸ்பத்திரி கம்பவுண்டர இங்கயே வரச் சொல்றேன். நெஞ்சுல கொழாய வெச்சுப் பாத்தாருன்னா தெரிஞ்சுரப் போகுது."

நெஞ்சில் குழாய் வைத்தால் தெரிந்துவிடும் என்பதுதானே என் பயம். ஜாக்கெட்டுக்குள் இடது பக்கம் தழும்பும் மேடும் கையில் தட்டும்.

"வேண்டாங்க மதினி. இப்ப சரியாப் போச்சு."

சரியாகத்தான் போச்சு. தப்பித்துப் போக ஒரு வழி இருந்தது, அதையும் நானே சாத்திக்கொண்டேன். இங்கேயே அசையாமல் இருந்தால் சாவேன். உண்மையைச் சொன்னால் உயிர் இருக்கும், கூரை இருக்காது. பாலாமணியின் சாக்கு கண்ணுக்குள் வந்து நின்றது. திருப்பூரில் எந்தக் கம்பெனி நெஞ்சில் பெட்டி வைத்த நாற்பத்தெட்டு வயதுக்காரியை வேலைக்குச் சேர்க்கும்? கையை அசைக்க வேலை இல்லாவிட்டால் அங்கேயும் இதே கதைதான்.

மறுநாள் காலையில் கொசு இரண்டு முறை கத்தியது. பெண்கள் காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போய்த் திரும்பிவிட்டார்கள், அன்றைக்கு வேலை இல்லை என்று அனுப்பிவிட்டார்களாம். எல்லோரும் வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். எனக்கு ஒரு யோசனை வந்தது. மூலையில் இருக்கிறவள் கூட்டக் கூடாது, பெருக்கக் கூடாது, அரைக்கக் கூடாது. அழக் கூடாது என்று எவளும் சொல்ல முடியாது.

யாரும் வராமலே, யாரும் தொடங்காமலே, நானாக ஒப்பாரியை எடுத்தேன். "என் ராசாவே" என்று ஒரு இழு இழுத்து, முன்னும் பின்னும் ஆடி, இரண்டு கையாலும் மாரில் அடித்தேன். பெட்டி இருக்கிற இடது பக்கம் அடிக்கப் பயம், அதனால் எல்லா அடியும் வலது பக்கமே விழுந்தது. பெண்கள் பதறிப்போனார்கள். பிறகு அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வேலை இல்லாத நாள், அழுவதற்கு அவர்களுக்கும் காரணம் இல்லாமல் இல்லை. அன்றைக்கு எங்கள் காம்பரா அதிர்ந்தது.

அடுத்த நாள் கொசு ஒரு முறைதான் கத்தியது. எனக்குப் பிடி கிடைத்துவிட்டது. விடிந்தால் ஒப்பாரி, சாப்பிட்டால் ஒப்பாரி, காக்கை கத்தினால் ஒப்பாரி. ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எத்தனை ஆட்டம், எத்தனை அடி என்பதிலேயே என் மனசு இருந்தது. தாலி கட்டியவர் செத்துக் கிடக்க, அவருக்கான அழுகையை நான் என் பெட்டிக்குத் தீனியாகப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த அசிங்கம் எனக்குத் தெரிந்தே இருந்தது. அவர் இருந்தால் படியில் உட்கார்ந்து பீடியை இழுத்துக்கொண்டு, "நல்லா அடி. இன்னொரு சுத்து" என்றிருப்பார். அந்த எண்ணம் வந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டே சிரித்ததைப் பார்த்துத்தான் அவர்கள் முடிவு செய்தார்கள், இவளை இப்படியே விட்டால் புத்தி பிசகிவிடும் என்று.

"ஒரு பக்கமாவே அடிச்சு மாரெல்லாம் கன்னிப்போச்சு" என்றாள் காத்தாயி. "புடிங்க இவள."

ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொண்டார்கள். உதறினேன். இன்னும் இறுக்கினார்கள். கொழுந்து எடுத்துப் பழகிய கை, பிடித்தால் விடாது. எல்லாம் அன்பு. அந்த அன்பின் மேல் எனக்கு வந்த ஆத்திரம் எந்த எதிரி மேலும் வந்ததில்லை. ஒருத்தி போனால் இன்னொருத்தி வந்து பிடித்தாள். முறை வைத்துப் பிடித்தார்கள். ஒரு நாள் போயிற்று, இன்னொரு நாள் போயிற்று. கொசு கத்திக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் காலையில் அது கத்தவே இல்லை. கத்துவதற்குக்கூட அதில் தெம்பு இல்லை என்று புரிந்துகொண்டேன்.

அன்றைக்கு வேலை இருந்தது. பெண்களெல்லாம் காட்டுக்குப் போய்விட்டார்கள். மருதாம்பாள் மதினி மட்டும் லீவு போட்டுவிட்டு வந்து என் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, என் இரண்டு மணிக்கட்டையும் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். விளக்குத் திரி எனக்கு இரண்டாகத் தெரிந்தது. அவள் முகத்தின் ஓரமெல்லாம் கறுத்துக்கொண்டு வந்தது. செடிக்குள் விழுந்த அன்றும் இப்படித்தான் இருந்தது.

"கைய விடுங்க மதினி."

"விட்டா அடிச்சுக்குவ."

"விடுங்க."

அவள் விடவில்லை. குனிந்துகொண்டாள். என் கையின் மேல் சூடாக ஏதோ விழுந்தது. தம்பி செத்த அன்றுகூட அப்படி அழாதவள் அழுதாள்.

"ரஞ்சனி, எந்தம்பிதான். ஆனாலும் சொல்றேன். அவன் உன்னை நல்லா வெச்சுக்கல. பச்ச ஒடம்புக்காரிய ஊருக்கெல்லாம் மாவாட்ட வெச்சான். மிக்சிய என் ஊட்ல கொண்டாந்து வெச்சப்ப, 'ஏன்டா, அவ என்ன பண்ணுவா'ன்னு கேட்டேன். 'அவளுக்குக் கை இருக்குக்கா'ன்னான். அறைஞ்சிருக்கணும். வாங்கி வெச்சுக்கிட்டேன். அவனுக்காக நான் உங்கிட்ட மன்னிப்புக் கேக்கறேன் ஆத்தா. அவன் பாவம் இதோட போகட்டும்."

சொல்லிவிட்டு என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சாவதற்குக்கூட நான் துணிந்திருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. வீட்டுக்காக வாயை மூடி மூடிப் பழகியவள், அப்படியே மூடிக்கொண்டு போயிருப்பேன். ஆனால் கூடப் பிறந்தவள் மன்னிப்புக் கேட்கிறாள். என்னைக் கழற்றி வைக்காமல் காலையும் மாலையும் ஓட வைத்த மனுஷனை, ஊரில் கெட்ட பேரெல்லாம் வாங்கிக்கொண்டு சிரித்த மனுஷனை, அவன் அக்காவே பாவி என்று சொல்லி மன்னிப்புக் கேட்கிறாள். அதை வாங்கிக்கொண்டு சாக என்னால் முடியவில்லை.

"மதினி, என் இடது பக்கம் தோளுக்குக் கீழ கைய வெச்சுப் பாருங்க" என்றேன்.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் ஒரு கையை விட்டுவிட்டு, ஜாக்கெட்டுக்குள் விரலை விட்டுத் தடவினாள். விரல் மேட்டில் தட்டி நின்றது.

நான் சொன்னேன். மூச்சு வாங்கிக்கொண்டு, நடுநடுவே கண்ணை மூடிக்கொண்டு, டாக்டரிலிருந்து கொசு வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்குக் கண்ணீர் வந்தது. அவர் செத்த பிறகு எனக்கு வந்த முதல் கண்ணீர் அதுதான். "இது அசைஞ்சாத்தான் ஓடும் மதினி. உங்க தம்பி என்னை மாடு மாதிரி வேலை வாங்கல. அவரு என் உசுர ஆட்டி வெச்சிட்டு இருந்தாரு. நீங்க எல்லாருமாச் சேர்ந்து அத நிறுத்திட்டீங்க."

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொல்லியிருக்கிறேன் என்பது உறைத்தது. சூப்பர்வைசர் பொண்டாட்டி. அவள் விரல் இன்னும் பெட்டியின் மேலேயே இருந்தது.

"அந்த மிக்சி?" என்றாள் கடைசியில்.

"அதுக்குத்தான் மதினி."

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமேடா தம்பி" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, விளக்கைப் பார்த்துச் சொன்னாள். ஏன் சொல்லவில்லை என்பது அவளுக்கே அடுத்த நொடி விளங்கியிருக்க வேண்டும். முகம் சுருங்கிவிட்டது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மூலையில் இருக்கிற பெண்ணை ஆம்பிளைகள் பார்க்கக் கூடாது. அதனால் வெளியிலேயே நின்றுகொண்டு லிங்கசாமி அண்ணன் கூப்பிட்டார். "மருதா, அந்தப் புள்ளைக்கு ஒடம்புக்கு என்னமோன்னாங்களே? கம்பவுண்டரக் கூட்டியாரட்டா? ஆபீஸ்லயும் கேக்கறாங்க, வேலைக்கு வருவாளா மாட்டாளான்னு."

மதினி எழவில்லை. கையை என் ஜாக்கெட்டிலிருந்து எடுத்து, என் இரண்டு மணிக்கட்டையும் மறுபடி பிடித்துக்கொண்டாள். முன்பு பிடித்ததைவிட இறுக்கிப் பிடித்தாள்.

"ஒண்ணுமில்லீங்க. கல்லாட்டம் இருக்கறா. பொறந்தவனுக்கு நான் அழுகோணும். ரெண்டு பேரும் அழுகறோம். நீங்க போங்க."

சொல்லிவிட்டு என் கைகளைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு என் பக்கம் தள்ளினாள். மறுபடி இழுத்தாள். மாவாட்டுகிற மாதிரிதான். எனக்கு ஆடத் தெம்பில்லை, அவளே ஆட்டினாள். "கூடப் பொறந்தவனே, நான் கும்புட்ட சாமியே, உன்னக் கல்லுன்னு நெனச்சனே" என்று குரலெடுத்தாள். இழுத்தாள், தள்ளினாள். அவள் முந்தானை நழுவியது, கொண்டை அவிழ்ந்தது, நிறுத்தவில்லை. தோள் வலித்தது. வலிக்க வலிக்க எனக்கு விளக்கு ஒன்றாகத் தெரிய ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு கருமாதி வரைக்கும் காலையும் மாலையும் வந்தாள். மற்றவர்கள் என் கையைப் பிடிக்க வந்தால் விரட்டினாள். "கூடப் பொறந்தவ வந்து அழுகையில மூலையில இருக்கறவ சேந்து அழுகோணும். எங்க வழக்கம் இது, உங்களுக்கென்ன தெரியும்?" என்றாள். அப்படி ஒரு வழக்கம் எங்களில் எவருக்கும் கிடையாது. சூப்பர்வைசர் பொண்டாட்டி சொன்னால் வழக்கம்தான். கொசு சில நாள் கழித்து மறுபடி கத்தத் தொடங்கியது, பிறகு பெட்டி நிறைந்து ஓய்ந்தது. பதினாறாம் நாள் தாலியைக் கழற்றினார்கள். அப்போது மட்டும் அவள் என் கையைச் சும்மா பிடித்துக்கொண்டிருந்தாள்.

கருமாதி முடிந்து வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். வேலை இல்லாத நாட்களில் பழையபடி வாசலில் ஆட்டுக்கல். பீடிப் புகை மட்டும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை நான் உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தேன். எதிரே குழாயடியில் பெண்கள் கூட்டம், லிங்கசாமி அண்ணனும் பல் விளக்கிக்கொண்டு நின்றார். மருதாம்பாள் மதினி குடம் வைத்திருந்தாள். காத்தாயிக்குப் பொறுக்கவில்லை.

"அந்தப் பாவிதான் போய்ச் சேந்துட்டான். அந்த மிக்சியவாச்சும் அந்தப் புள்ளைக்குத் திருப்பிக் குடுக்கக் கூடாதாங்க?"

குழாயடியே மதினியைப் பார்த்தது. அண்ணனும் பார்த்தார். எனக்கு உள்ளே எரிந்தது. எழுந்து நின்று கத்திவிடலாம் போல இருந்தது, அவர் பாவி இல்லை, இவளும் இல்லை என்று. கத்தினால் அதே நிமிடம் என் பாத்திரம் சாக்குக்குள் போய்விடும். வாயைத் திறக்காமல் குழவியைப் பிடித்துக்கொண்டேன்.

"எதுக்குக் குடுக்கோணும்?" என்றாள் மதினி. "எந்தம்பி எனக்குக் குடுத்தது. அவளுக்கென்ன, கையில்லையா?"

"தம்பிக்கேத்த அக்கா" என்று ஒருத்தி சொன்னாள். இன்னொருத்தி துப்பினாள்.

"ஆமா, நாங்க அப்பிடித்தான். எந்தம்பி கல்நெஞ்சன், நான் அவன் அக்கா" என்றாள் மதினி. குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். என்னைத் தாண்டும்போது காலில் முள் குத்தியதுபோல நின்று, குனிந்து, பாதத்தைத் தடவினாள். தலை நிமிராமல் எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

"கொசு கத்துச்சா?"

"இல்ல மதினி."

"அப்பச் சரி. இன்னொரு சுத்து ஆட்டு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.